இடமறியாத நிரல் நேரம் சொல்லலாமா?



கணினியை இயக்கியவுடன் தானே எழுந்து பணியில் நிற்கும் நிரல்கள் நமக்குப் புதியவை அல்ல. சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா நிறுவனம் இலவசமாக வழங்கிய என்.எச்.எம். ரைட்டர் என்னும் தமிழ்த் தட்டச்சு மென்பொருளைப் பலர் அவ்வாறே அமைத்து வைத்திருந்தனர். தொழுகை நேரத்தை அறிவிக்கும் நிரலும் அவ்வகையைச் சேர்ந்ததே. கணினி பயிலும் நம் மாணவர்கள் அதைத் தாமே எழுதிப் பார்ப்பது மகிழ்ச்சிக்குரியது. எனினும் அதில் மறைந்திருக்கும் பிழை ஒன்றை அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

கையால் சொடுக்கித் திறந்தால் நிரல் சரியாக ஓடும். கணினி எழும்போது தானே தொடங்கினால் தடுமாறும். காரணம் எளியது. கையால் திறக்கையில் நிரல் தன் சொந்தக் கோப்புறையில் நின்று தொடங்குகிறது. விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் 'ரன்' என்னும் பகுதியில் பதிந்து வைத்தாலோ, அது பெரும்பாலும் 'சிஸ்டம்32' கோப்புறையில் நின்று தொடங்குகிறது. அருகில் இருப்பதாக எண்ணித் தேடும் அமைப்புக் கோப்பு அங்கே இராது.

அந்தக் கோப்பில்தான் ஊரின் தீர்க்கரேகையும் மத்ஹபும் எழுதப்பட்டிருக்கின்றன. கோப்பு கிடைக்காதபோது மக்காவைக் கொண்டு கணக்கிடுமாறு நிரல் எழுதப்பட்டிருந்தால் என்னாகும்? தீர்க்கரேகையில் ஒரு பாகைக்கு 4 நிமிடம். மயிலாப்பூருக்கும் மக்காவுக்கும் இடையே ஏறத்தாழ 40 பாகை. கடிகாரம் இந்திய நேரத்திலேயே ஓடுவதால், லுஹர் சுமார் 2 மணி 40 நிமிடம் பிந்திவிடும். இதையாவது எவரும் கண்டுகொள்வர். ஊர் சரியாக இருந்து மத்ஹப் மட்டும் மாறிவிட்டால்? ஷாஃபிஈ, ஹனஃபீ அஸர் நேரங்களுக்கிடையே சென்னையில் முக்கால் மணிக்குக் குறையாத வேறுபாடு உண்டு. அடையாறு வீட்டிலோ தியாகராய நகர்க் கடையிலோ திரையை நம்பி இருப்பவர் அதை உணரவே மாட்டார்.

திருத்தும் வழிகள் கடினமானவை அல்ல. கோப்பின் முழு முகவரியை எழுதுங்கள். அல்லது நிரல் தான் இருக்கும் கோப்புறையைத் தானே கண்டறியச் செய்யுங்கள். முகவரியில் இடைவெளி இருப்பின் மேற்கோள் குறிக்குள் இடுங்கள். தொடங்கிய நேரத்தையும் படித்த கோப்பையும் ஒரு பதிவேட்டில் குறிக்கச் செய்யுங்கள். நிரல் எழவே இல்லையெனில், விண்டோஸ் 8 முதல் டாஸ்க் மேனேஜரில் உள்ள 'ஸ்டார்ட்அப்' பகுதியில் அது முடக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கணினியை அணைத்து மீண்டும் இயக்கிச் சோதியுங்கள். சொடுக்கிப் பார்ப்பது சோதனை ஆகாது.

ஆயினும் என் கருத்தில் முதன்மையானது வேறு. அமைப்புக் கோப்பு கிடைக்காத நிரல் ஊகித்து நேரம் சொல்லக் கூடாது. 'ஊர் தெரியவில்லை' என்று அறிவித்து நின்றுவிட வேண்டும். எழாத நிரலைக் கண்டால் மக்கள் கடிகாரத்தையும் பள்ளிவாசலின் பாங்கையும் நாடுவர். தவறாக எழுந்த நிரலையோ நம்பிவிடுவர். முன்னது குறை, பின்னது அமானிதத்துக்குக் கேடு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தயங்காதவர் என இமாம் மாலிக் (ரஹ்) போற்றப்படுகிறார். அறிஞருக்கு அழகான அப்பண்பை, நாம் எழுதும் நிரலுக்கும் கற்றுக்கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.