கடைசி இடம் வந்தால் என்னடா?

என் பிள்ளைகளே (மாணவர்களைத்தான் சொல்கிறேன்), சொந்தங்களே,

கார்டிஃபில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் குடும்பக் குழுவில் ஒரு பழைய வீடியோ போட்டான். 2018இல் மின்ஸ்க் நகரில் நடந்த ஜூனியர் யூரோவிஷன் பாட்டுப் போட்டி. வேல்ஸ் முதன்முதலாகக் கலந்துகொண்டு 20 நாடுகளில் கடைசியாக வந்தது. "வெல்ஷ்ல பாடினா யாருக்குப் புரியும் சித்தி? இங்கிலீஷ்ல பாடியிருந்தா மானமாவது மிஞ்சியிருக்கும்" என்று எழுதி, சிரிக்கும் பொம்மை நாலு. அதற்கு நம்மவர்கள் பதினோரு பேர் கட்டைவிரல். அங்கே பதில் எழுதினால் காலை வணக்கப் பூக்களுக்குள் புதைந்துவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

யாருடைய மானம்? 19ஆம் நூற்றாண்டில் அந்த நாட்டுப் பள்ளிகள் பலவற்றில், வெல்ஷ் பேசிய குழந்தையின் கழுத்தில் 'வெல்ஷ் நாட்' என்ற மரத்துண்டைத் தொங்கவிட்டார்கள். இன்னொரு பிள்ளை பேசினால் அதன் கழுத்துக்கு மாறும். பள்ளி விடும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அதற்கு அடி. வெல்ஷுக்குத் தனி டிவி சேனல் என்ற வாக்கிலிருந்து லண்டன் அரசு பின்வாங்கியபோது, 1980இல் க்வின்ஃபோர் எவன்ஸ் சாகும்வரை உண்ணாவிரதம் என்று அறிவித்தார். அரசு இறங்கி வந்தது. 1982இல் எஸ்ஃபோர்சி சேனல் தொடங்கியது. அந்தச் சிறுமியை மின்ஸ்குக்கு அனுப்பியது அந்தச் சேனல்தான். அவள் ஆங்கிலத்தில் பாடவா அவ்வளவு பாடு?

அந்த வருஷம் ஜெயித்த போலந்துப் பெண் ஆங்கிலம் கலந்துதான் பாடினாள், ஒப்புக்கொள்கிறேன். போலிஷ் மொழிக்குக் கோடிக்கணக்கில் ஆள் இருக்கிறார்கள். 2021 கணக்கெடுப்பில் வேல்ஸில் வெல்ஷ் தெரிந்தவர்கள் 5 லட்சத்து 38 ஆயிரம். நூற்றுக்கு 18 பேர்கூட இல்லை.

வேல்ஸ் மேல் எனக்குள்ள கோபம் வேறு. 2019இல் 19 நாடுகளில் 18ஆவது. அடுத்த வருஷம் பெருந்தொற்று வர விலகினார்கள். பிறகு திரும்பவே இல்லை. பக்கத்து அயர்லாந்தும் 2021இல் அதே 18ஆவது இடம்தான். ஆனால் விடவில்லை. 2022இல் ஐரிஷ் மொழியில் பாடி 4ஆவது இடம். அதே மேடையில் பிரிட்டன் ஆங்கிலத்தில் பாடி 5ஆவது! இதற்கு என்ன சொல்கிறாய், தம்பி?

இவ்வளவு பேசுகிற எனக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் தமிழ் பேசினால் 5 ரூபாய் அபராதம். அந்த நோட்டில் பெயர் எழுதியவள் நான். நிர்வாகம் சொன்னது, செய்தேன் என்று இத்தனை வருஷம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஏழாம் வகுப்பில் ஒரு பையன், அடிபட்டு "அம்மா" என்று கத்தியதற்கும் பெயர் எழுதினேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவன் இதைப் படிக்கிறானா தெரியாது. படித்தால் கீழே வந்து இந்த டீச்சரை நன்றாகத் திட்டப்பா. தமிழிலேயே திட்டு.