களப்பு நமக்கு, படகு யாருக்கு?

கொழும்பு கொம்பனித்தெருவில், பேர வாவிக் கரையில் கொழும்பு ரோயிங் கழகம் இருக்கிறது. 1864ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கழகம் அது. ரோயல் கல்லூரிக்கும் கல்கிசை புனித தோமஸ் கல்லூரிக்கும் இடையிலான ரெகட்டா நடப்பதும் அந்த வாவியில்தான். அதே வாவியைச் சுற்றியுள்ள குறுகிய தெருக்களில் மலே, சோனகக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. அந்தப் பிள்ளைகளுக்கும் படகுத்துறைக்கும் இடையில் சில நூறு மீற்றர்தான். ஆனாலும் அங்கே துடுப்புப் பிடிப்பவர்கள் யார், கரையில் நின்று பார்ப்பவர்கள் யார் என்பதை நாம் எல்லோரும் அறிவோம்.

இதை யாரையும் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. அந்தப் பாடசாலைகள் பல வருடங்கள் உழைத்து ஒரு விளையாட்டைக் கட்டிக் காத்திருக்கின்றன. நான் கேட்பது வேறு. படகோட்டம் ஏன் பாடசாலை விளையாட்டுகளிலேயே மிகவும் எட்டாத உயரத்தில் இருக்கிறது? அந்த உயரம் உண்மையிலேயே பணத்தினால் ஆனதா?

முதலில் கணக்கைப் பார்ப்போம்

எட்டுப் பேர் துடுப்பு வலிக்க, ஒருவர் வழிநடத்தும் பந்தயப் படகு ஏறத்தாழ 17 மீற்றர் நீளமானது. அவ்வளவு நீளமிருந்தும் அதன் ஆகக் குறைந்த எடை 96 கிலோகிராம்தான். காபன் இழையில் செய்தால்தான் அந்த எடை வரும். வெளிநாட்டுத் தயாரிப்பாளர்களிடம் புதிதாக வாங்குவதென்றால் நாற்பதாயிரம் டொலருக்கு மேல். ஒரு டொலரை 300 ரூபா என்று வைத்தாலும் ஒரு கோடி இருபது இலட்சம் ரூபாவைத் தாண்டிவிடும். கப்பல் கூலியும் சுங்கத் தீர்வையும் அதற்குப் பிறகு. 2022இல் ரூபா விழுந்தபோது இந்த விலை சில மாதங்களில் ஒன்றரை மடங்குக்கும் மேலாக ஏறியது.

படகு வாங்கியதோடு முடிவதில்லை. அதை வைக்கக் கொட்டில் வேண்டும். கூடவே செல்ல எஞ்சின் பூட்டிய பாதுகாப்புப் படகு, அதற்கு எரிபொருள், உயிர்காப்பு அங்கிகள், பயிற்றுநருக்குச் சம்பளம் எல்லாம் வேண்டும். காலை ஐந்தரைக்குப் பிள்ளையைத் தண்ணீர்க் கரைக்குக் கொண்டு சேர்க்க ஒரு வாகனமும் வேண்டும். உதைபந்தாட்டத்துக்கு ஒரு பந்தும் ஒரு வெளியும் போதும் என்பதை நினைத்தால் வித்தியாசம் விளங்கும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பட்டியலில் பிள்ளை தனியாக வாங்க வேண்டிய பொருள் ஏறக்குறைய எதுவுமில்லை. கிரிக்கெட்டில் துடுப்பு மட்டை, பாதுகாப்புக் கவசங்கள், சப்பாத்து என்று பெற்றோர் செலவழிக்க வேண்டும். படகோட்டத்தில் பெரும் செலவெல்லாம் கூட்டுச் செலவு. பாடசாலையோ, பழைய மாணவர் சங்கமோ, கழகமோ அதைத் தூக்கினால் ஏழைப் பிள்ளையும் உள்ளே வரலாம். யாரும் தூக்காவிட்டால் வசதியான பிள்ளை கூடத் தன் ஊரில் படகோட்ட முடியாது. இந்த விளையாட்டின் வாசலில் நிற்கும் கேள்வி பெற்றோரின் வருமானம் அல்ல. பின்னால் ஒரு நிறுவனம் நிற்கிறதா என்பதுதான்.

வெளியே நடந்தவை

பிரித்தானியாவின் ஈட்டன் கல்லூரிக்குச் சொந்தமாகவே ஒரு படகோட்ட ஏரி இருக்கிறது. டோர்னி ஏரி என்ற அதில்தான் 2012 லண்டன் ஒலிம்பிக்கின் படகோட்டப் போட்டிகள் நடந்தன. ஒலிம்பிக் நடத்தக்கூடிய ஏரியை ஒரு பாடசாலை வைத்திருக்கிறது என்றால் மற்றப் பாடசாலைகள் எங்கே நிற்கின்றன என்று விளக்கத் தேவையில்லை.

அமெரிக்காவில் இந்த இடைவெளிக்கு வேறொரு விலையும் உண்டு. அங்கு பெரும்பாலான அரச உயர்நிலைப் பாடசாலைகளில் படகோட்டம் இல்லை. பிள்ளையைத் தனியார் கழகத்தில் சேர்த்து வருடத்துக்கு ஆயிரக்கணக்கான டொலர் கட்ட வேண்டும். ஆனால் பல்கலைக்கழக வாசலில் அதே விளையாட்டு பெரிய சாவியாக இருக்கிறது. கல்வியில் பால் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1972இல் வந்த பிறகு, ஆண்களின் அமெரிக்கக் கால்பந்து அணிகளுக்கு ஈடாகப் பெண்களுக்குப் பெரிய அணிகளை உருவாக்க வேண்டிய தேவை பல்கலைக்கழகங்களுக்கு வந்தது. பெண்கள் படகோட்டம் அந்த இடத்தை நிரப்பியது. முதல் தரப் பல்கலைக்கழக அணியொன்று 20 முழுப் புலமைப்பரிசில்கள் வரை வழங்கலாம் என்ற விதி அண்மைக் காலம் வரை இருந்தது.

அந்தச் சாவியின் மதிப்பு என்னவென்று 2019இல் உலகமே பார்த்தது. பிரபல நடிகை லோரி லொக்லினும் அவரது கணவரும் தம் இரு மகள்மாரைத் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் படகோட்ட வீராங்கனைகளாகக் காட்டி அனுமதி பெற ஐந்து இலட்சம் டொலர் கொடுத்தார்கள். மகள்மார் இருவரும் படகோட்டாதவர்கள். பயிற்சி இயந்திரத்தில் அமர்ந்து எடுத்த புகைப்படம்தான் அத்தாட்சி. பெற்றோர் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார்கள். ஏமாற்றுவதற்கு ஏன் ஓட்டப்பந்தயத்தையோ கூடைப்பந்தையோ தெரிவு செய்யவில்லை? அவற்றைப் பல்லாயிரம் பாடசாலைகளில் ஆடுகிறார்கள், பொய் பிடிபடும் வாய்ப்பு அதிகம். சிலருக்கு மட்டுமே தெரிந்த விளையாட்டில் பொய் ஒளிந்துகொள்வது இலகு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1990களின் பிற்பகுதியில் சிக்காகோவின் மேற்குப் பகுதியில், வன்முறைக் குழுக்களுக்கு நடுவே இருந்த மான்லி உயர்நிலைப் பாடசாலையில் கென் அல்பார்ட் என்ற வர்த்தகர் ஒரு படகோட்ட அணியைத் தொடங்கினார். உணவுக்கூடத்தில் ஒரு படகை வைத்து, வந்து பார்ப்பவர்களுக்கு பீட்ஸா கொடுத்தார்கள். வந்தவர்களில் பலருக்கு நீந்தக்கூடத் தெரியாது. முழுவதும் கறுப்பின மாணவர்களைக் கொண்ட முதலாவது உயர்நிலைப் பாடசாலை அணி என்று அது பேசப்பட்டது. அதன் தலைவர் அர்ஷே கூப்பர் பின்னர் அந்த அனுபவத்தை நூலாக எழுதினார், 2020இல் அது ஆவணப்படமும் ஆனது. லண்டனிலும் லண்டன் யூத் ரோயிங் என்ற தொண்டு அமைப்பு அரச பாடசாலைகளுக்குப் பயிற்சி இயந்திரங்களைக் கொண்டுபோய், தண்ணீரே இல்லாத உடற்பயிற்சி மண்டபத்தில் இருந்து பிள்ளைகளை இந்த விளையாட்டுக்குள் எடுக்கிறது. இரண்டு இடத்திலும் நடந்தது ஒன்றுதான். பிள்ளை பணத்தோடு வரட்டும் என்று காத்திருக்காமல், படகு பிள்ளையைத் தேடிப் போனது.

நம் ஊர்த் தண்ணீர்

இப்போது நம் வரைபடத்தைப் பாருங்கள். காத்தான்குடி கடலுக்கும் களப்புக்கும் நடுவே கிடக்கிறது. மட்டக்களப்பு வாவி ஐம்பது கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. ஏறாவூர், கிண்ணியா, மூதூர், புத்தளம், கற்பிட்டி என்று சொல்லிக்கொண்டே போகலாம். தண்ணீரோடு ஒட்டிய ஊர்கள் நம்மிடம் இருப்பது போல் பல சமூகங்களிடம் இல்லை. தோணி வலித்தும் வலை இழுத்தும் வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். கொழும்பில் வாவிக்காகக் கழகம் இருக்கிறது. நம்மிடம் வாவி இருக்கிறது, கழகம் இல்லை.

பிள்ளைகளுக்குத் தண்ணீர் இன்று என்னவாக இருக்கிறது? பயமாக இருக்கிறது. 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, மாற்றுவழியாக ஓடிய மிதவைப் படகு கவிழ்ந்தது. பாடசாலைக்குப் போன பிள்ளைகள் உயிரிழந்தார்கள். அந்த அழிவுக்குக் காரணம் பாதுகாப்பற்ற படகும் பொறுப்பற்ற நிர்வாகமும்தான், பிள்ளைகளின் நீச்சலின்மை அல்ல. ஆனாலும் தண்ணீர் சூழ்ந்த ஊரில் ஒரு பிள்ளை உயிர்காப்பு அங்கியையோ நீச்சலையோ பாடசாலை வழியாக ஒருநாள் கூடக் கற்காமல் உயர்தரம் வரை போய்விடுகிறது என்பதும் உண்மை. படகோட்டம் உள்ள இடத்தில் நீச்சல் சோதனை முதற்படி. அணிக்குத் தெரிவாகாத பிள்ளையும் நீந்தக் கற்றுக்கொண்டுதான் வீடு திரும்பும். இந்த விளையாட்டை நான் விரும்புவதற்கு இதுவே முதற்காரணம்.

இன்னொரு காரணம் இப்போது புதிதாக வந்திருக்கிறது. 2028 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கடற்கரைப் படகோட்டம் முதன்முறையாகச் சேர்க்கப்படுகிறது. மணலில் ஓடிவந்து படகில் ஏறி, 250 மீற்றர் வெளியே போய்த் திரும்பி, மறுபடி மணலில் ஓடி முடிக்கும் போட்டி அது. அதற்குரிய படகு அகலமானது, உறுதியானது. ஒருவர் செலுத்தும் பந்தயப் படகின் குறைந்த எடை 14 கிலோகிராம் என்றால், கடற்கரைப் படகினது 35 கிலோகிராம். நீளமும் ஆறு மீற்றருக்குள். மெல்லிய காபன் ஓடு தேவையில்லை, நேரான அமைதியான வாவியும் தேவையில்லை. மீன்பிடிக்கு பைபர் படகு கட்டும் கைகள் நம் நாட்டில் நிறைய இருக்கின்றன. ஸ்கொட்லாந்தில் 2009 அளவில் தொடங்கிய ஒரு முயற்சியில், நான்கு பேர் வலிக்க ஒருவர் சுக்கான் பிடிக்கும் 22 அடிப் படகை ஒட்டுப்பலகைத் தொகுதியாக வாங்கி ஊரவர்களே கட்டிக்கொள்கிறார்கள். இன்று பல நாடுகளில் அந்தப் படகுகள் ஓடுகின்றன. அவர்களும் மீனவக் கிராமத்தவர்கள்தான்.

"ஆய்வுகூடமே இல்லை, படகா?"

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கணித ஆசிரியர் இல்லாத பாடசாலையில் படகைப் பற்றிப் பேசுவது வேடிக்கையாகத் தோன்றலாம். அதனால்தான் ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு படகு என்று நான் சொல்லவில்லை. ஒரு களப்புக்கு ஒரு படகுத்துறை போதும்.

தொடக்கத்துக்குப் படகும் தேவையில்லை. தரமான பயிற்சி இயந்திரம் ஒன்று வெளிநாட்டில் ஏறத்தாழ ஆயிரம் டொலர், அதாவது மூன்று இலட்சம் ரூபா அளவில். ஐந்து இயந்திரங்களுக்குப் பதினைந்து இலட்சம். கூலியும் தீர்வையும் தனி. அவற்றை மூன்று நான்கு பாடசாலைகள் பங்கிட்டு, முறை வைத்து 60 பிள்ளைகள் பயன்படுத்தினால் ஓர் இடத்துக்கு 25,000 ரூபா. ஒழுங்காகப் பராமரித்தால் பத்து வருடம் உழைக்கும். அப்படியானால் வருடத்துக்கு 2,500 ரூபா. ஒரு பிள்ளையின் ஒரு பாட டியூசன் கட்டணத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஊரில் ஒரு வருடத்தில் வைக்கும் கட்அவுட்களுக்கும் விழாக்களுக்கும் ஆகும் செலவோடும் ஒப்பிடலாம்.

பயனும் கற்பனையல்ல. நமது இராணுவமும் கடற்படையும் படகோட்ட அணிகளை வைத்திருக்கின்றன. விளையாட்டில் உயர்ந்த சாதனை படைத்தவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஏற்பாடு இருக்கிறது. ஓட்டத்திலோ கிரிக்கெட்டிலோ நாடு முழுவதும் போட்டியிடுகிறது. படகோட்டத்தில் போட்டியிடும் பாடசாலைகள் சொற்பம். தேசிய மட்டத்தை எட்டுவதற்கான தூரம் இங்கே குறைவு. அந்த வாய்ப்பு இப்போது சில பாடசாலைகளுக்கு மட்டும் பயன்படுகிறது.

பெண் பிள்ளைகளின் விடயத்தையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். உடையைக் காரணம் காட்டி இந்தக் கதவை மூடிவிடுவது இலகு. ஈரானின் நாஸனின் மலாயி தலையை மறைத்துக்கொண்டே டோக்கியோ ஒலிம்பிக்கில் தனிநபர் படகோட்டத்தில் போட்டியிட்டார். முழுக்கை மேலாடையோடும் நீளக் காற்சட்டையோடும் துடுப்பு வலிக்கலாம். பயிற்சி இயந்திரம் பெண்கள் பாடசாலையின் மண்டபத்துக்குள்ளேயே இருக்கலாம். பெண் பயிற்றுநர் இருந்தால் பெற்றோரின் தயக்கம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆகவே முதலில் பயிற்றுவிக்க வேண்டியது பிள்ளைகளை அல்ல, இரண்டு உடற்கல்வி ஆசிரியைகளை.

யார் தொடங்குவது?

வலயக் கல்வி அலுவலகங்கள் ஒரு களப்பைச் சுற்றியுள்ள பாடசாலைகளை ஒன்றாக அழைக்கலாம். அதில் தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை என்ற பிரிவு இருக்கக்கூடாது. காத்தான்குடிக்கும் மட்டக்களப்பு நகருக்கும் இடையில் ஒரே வாவிதான் ஓடுகிறது. நான்கு பேர் படகில் ஒருவர் மட்டும் தன் வேகத்துக்கு வலித்தால் படகு திரும்பிவிடும். ஒற்றுமை பற்றிய நூறு மேடைப் பேச்சுகள் செய்யாததை அது ஒரு காலைப் பொழுதில் கற்றுக்கொடுக்கும்.

கொழும்பின் கழகங்களும் பெரிய பாடசாலைகளும் தாம் கழித்துவிடும் பழைய படகுகளையும் இயந்திரங்களையும் வெளியூருக்குக் கொடுக்கலாம். நமது பழைய மாணவர் சங்கங்கள் வெளிநாட்டில் இருக்கும் தம் உறுப்பினர்களிடம் இன்னொரு நுழைவாயில் வளைவுக்குப் பணம் கேட்காமல் இதற்குக் கேட்கலாம். தனவந்தர்கள் ஒரு படகுக்கு அனுசரணை கொடுக்கலாம். விளையாட்டுத் துறை அமைச்சு பாடசாலைக்கான உபகரணங்களுக்குத் தீர்வைச் சலுகை கொடுத்தால் சுமை குறையும். எதற்கும் முன்னதாக, தண்ணீரோடு ஒட்டிய ஒவ்வொரு பாடசாலையிலும் நீச்சலும் உயிர்காப்பும் கற்பிக்கப்பட வேண்டும். அதற்குக் காபன் படகு எதுவும் தேவையில்லை.

நமது சமூகத்தில் கல்விக்குப் பணம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், பள்ளிவாசலுக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளின் விளையாட்டுக்கு என்றால் மட்டும் கை பின்வாங்குகிறது, அது வீண்செலவு என்ற எண்ணத்தில். நான் மேலே போட்ட கணக்கை உங்கள் ஊர் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள். அது வீண்செலவா என்று அங்கே விவாதிக்கட்டும்.