‘எனக்கு வராது’

பள்ளிக்கு வரும் பிள்ளை புத்தகப் பையை மட்டும் சுமந்து வருவதில்லை. தன்னைப் பற்றி வீட்டிலும் வெளியிலும் கேட்ட சொற்களையும் சேர்த்தே சுமந்து வருகிறது. “எனக்குக் கணக்கு வராது”, “மலாய் வாயில நுழையாது”, “நமக்கெல்லாம் படிப்பு எங்க ஏறப் போவுது” என்னும் சொற்களை முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் வாயிலிருந்தே நாம் கேட்கிறோம். ஏழு வயதில் ஒரு பிள்ளை தன்னைப் பற்றி இத்தகைய தீர்ப்பைத் தானே எழுதிக்கொள்ள இயலாது. பெரியவர்கள் எழுதிய தீர்ப்பையே அது மனனம் செய்து ஒப்புவிக்கிறது. ஆகவே, எதிர்மறை எண்ணங்களைக் களைவது பற்றிப் பேசப் புகும்போது, பெரியவர்களாகிய நம்மை நோக்கியே முதலில் பேச வேண்டியுள்ளது.

இவ்வெண்ணம் எங்கிருந்து வந்தது? சோம்பலால் வந்தது என்பாருண்டு. அக்கூற்று பொருந்தாது. பொழுது புலருமுன் எழுந்து, நிரைக்குச் சென்று பால்மரம் வெட்டிய மக்களைச் சோம்பேறிகள் எனக் கூற எவருக்கும் உரிமையில்லை. எந்த நிரையில் வெட்டுவது, எவ்வளவு கூலி பெறுவது, எந்த வீட்டில் குடியிருப்பது ஆகிய அனைத்தையும் பிறரே முடிவு செய்த வாழ்க்கை அது. பள்ளியும் அவ்வாறே வந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால், அத்தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆயினும், அப்பள்ளியைக் கடந்து மேலே செல்லும் வழி பலருக்குத் திறக்கவில்லை. முயன்றாலும் முயலாவிட்டாலும் முடிவு ஒன்றே எனக் கண்டவர்கள், “எல்லாம் தலையெழுத்து” என்று சொன்னதில் வியப்பில்லை. அன்றைய வாழ்வு அச்சொல்லை அவர்களுக்குக் கற்பித்தது. காலம் மாறிய பின்னும் அச்சொல் மாறாமல் அடுத்த தலைமுறையின் வாயில் தங்கிவிட்டதே நம் கவலை.

இதற்கு மருந்தாக இந்நாளில் பரவலாகக் கையாளப்படுவது தன்முனைப்பு முகாம். மாணவர்கள் ஒரே குரலில் “என்னால் முடியும்!” என முழங்குகின்றனர், மண்டபமே அதிர்கிறது. அம்முயற்சியை நாம் குறை கூறவில்லை. ஆனால், மறுநாள் காலையில் அதே பிள்ளை அதே வகுத்தல் கணக்கின்முன் அமர்கிறது. முழக்கம் அதற்கு விடை எழுதித் தருவதில்லை. நேற்று ‘முடியும்’ என்று கூவிய பிள்ளை இன்று முடியாமற்போகவே, முன்னிலும் அதிகமாக மனம் தளர்கிறது.

இவ்விடத்தில் உளவியல் அறிஞர் இருவரின் ஆய்வை நினைவுகூர்வது பயன் தரும். அமெரிக்காவின் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மாயர் ஆகிய இருவரும் 1967இல் நாய்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். என்ன செய்தாலும் நிறுத்த முடியாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்கள், பின்னர்த் தாழ்ந்த தடுப்பைத் தாண்டினாலே தப்பலாம் என்ற நிலையிலும் முயலாமற் படுத்துக்கொண்டன. இயலாமை கற்றுக்கொள்ளப்படுகிறது என அவர்கள் அப்போது முடிவு செய்தனர். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், 2016இல், மூளை ஆய்வுகளின் துணையோடு அம்முடிவை அவர்களே திருத்தி எழுதினர். நீடித்த துன்பத்தின்முன் சோர்ந்து கிடப்பது உயிரின் இயல்பு. ‘என் செயலால் நிலைமை மாறும்’ என்பதே கற்றுக்கொள்ளப்படுவது என்றனர்.

ஆசிரியர்களுக்கு இதைவிட நற்செய்தி வேறில்லை. கற்றுக்கொள்ளப்படுவது எதுவாயினும் அதைக் கற்பிக்கலாம் அன்றோ? வாய்ப்பாட்டைப் போலவே தன்னம்பிக்கையையும் படிப்படியாகப் பயிற்றலாம்.

அது எங்ஙனம்? வழி நம் தோட்டத்திலேயே இருக்கிறது. பால்மரம் வெட்டப் பழகியவர்களைக் கேட்டுப் பாருங்கள். முதன்முதலில் உளி பிடித்த கை, பட்டையை ஆழமாக வெட்டி மரத்தைக் காயப்படுத்தும். அல்லது மேலோடு சீவிப் பாலை இழக்கும். அப்போது அருகில் நின்ற தாயோ தந்தையோ, “உனக்கு வராது” என்று உளியைப் பிடுங்கிக்கொண்டதில்லை. “இந்த எடத்துல ஆழம் போயிருச்சு, கையத் தளர்த்திப் புடி” என்றே சொல்லிக் கொடுத்தனர். மரம் வெட்டுவதில் இத்துணைப் பொறுமை காட்டிய சமுதாயம், கணக்கில் மட்டும் ஒரே தவற்றுக்குத் தீர்ப்பு எழுதலாமா?

பெரிய செயல்களும் இவ்வழியிலேயே நிறைவேறின. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் நிலைகுலைந்த காலத்தில், 1960இல், வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். கூலிக்கு உழைத்தவர்கள் தோட்டம் வாங்குவதா என எள்ளியிருக்கலாம். தொழிலாளர்களோ தங்கள் கூலியிலிருந்து சிறுகச் சிறுகப் பங்குப்பணம் செலுத்தினர், தோட்டங்கள் வாங்கப்பட்டன. கையிலிருந்து சென்ற ஒவ்வொரு வெள்ளியும் அவர்களின் நம்பிக்கையை உறுதி செய்தது.

எனவே, “வராது” என்று ஒரு பிள்ளை சொன்னால், “வரும், வரும்” எனத் தேற்றுவதோடு நில்லாமல், “எந்த இடத்தில் வரவில்லை?” என்று கேட்போமாக. வகுத்தல் வராது என்னும் பிள்ளையை அருகிலமர்த்தி, 476ஐ 7ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 47இல் ஆறு முறை என்று சரியாகவே தொடங்கும். 56 என்று வந்ததும் திகைத்து நிற்கும். வகுத்தல் முறையை அறிந்த பிள்ளைதான் அது. ஏழாம் வாய்ப்பாட்டின் ஒரு வரியே அதற்குத் தெரியவில்லை. ஒரு வரியைக் கற்க ஒரு மாலைப்பொழுது போதும். மறுநாள் தானே விடை காணும் அப்பிள்ளைக்கு, ஆயிரம் முழக்கங்கள் தராத துணிவு பிறக்கும்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. “எத்தனை ஏ?” என்னும் கேள்வியோ இன்னும் நீங்கவில்லை. இன்றைய வகுப்பறை மதிப்பீட்டில் 1 முதல் 6 வரை அடைவு நிலைகள் உள்ளன. பக்கத்து வீட்டுப் பிள்ளை எந்நிலையில் உள்ளது என வினவாதீர்கள். சென்ற முறை 2இல் இருந்த உங்கள் பிள்ளை இம்முறை 3க்கு வந்திருந்தால், அது எதனால் வந்தது என்று பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள். தன் முயற்சியின் பயனைத் தன் வாயாலேயே சொல்லிப் பழகட்டும்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு சொல். “தோட்டத்துப் பிள்ளைகள் இவ்வளவுதான்” என்னும் எண்ணம் ஆசிரியர் அறையில் ஒலிக்குமாயின், வகுப்பறையில் எத்தனை வண்ண வாசகங்களை ஒட்டினாலும் பயன் விளையாது.

திருவள்ளுவர் ஊக்கமுடைமையைப் பாடிய கையோடு மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என்னும் அதிகாரங்களை வரிசையாக அமைத்தார். உள்ளத்தில் எழும் ஊக்கம் சோம்பலை விலக்கி, முயற்சியாகி, இடையூற்றிலும் நிலைக்க வேண்டும் என்பதை அவ்வரிசையே நமக்குப் புலப்படுத்துகிறது.

அன்பு மாணவச் செல்வங்களே! இவ்வாண்டு நீங்கள் ‘வராது’ என ஒதுக்கிய ஒன்றை இன்றே எடுத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் வரவில்லை என்று ஆசிரியரிடம் அஞ்சாது சொல்லுங்கள். அந்த ஓரிடத்தைச் சரி செய்த பின், அடுத்ததற்குச் செல்லுங்கள். உங்கள் கேள்விக்காகப் பள்ளியின் கதவு என்றும் திறந்தே இருக்கும்.