கம்பு சுற்றுவது மட்டும்தானா சிலம்பம்?

புரூஸ் லீயின் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் நண்பர்கள் நம் விடுதியில் இன்றும் உண்டு. அவர் 1973-இல் மறைந்தவர். படத்தில் அவர் காட்டிய வேகத்தைத்தான் எல்லோரும் வியக்கிறார்கள். அவர் சிந்தித்ததை வியப்பவர் குறைவு. ஹாங்காங்கில் இப் மேன் என்ற ஆசானிடம் விங் சுன் கற்றவர், அமெரிக்கா சென்றபின் மேல்நாட்டுக் குத்துச்சண்டையையும் வாட்சண்டையையும் ஆராய்ந்து, தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார். 1967-இல் அதற்கு 'ஜீட் குன் டோ' என்று பெயரிட்டார். எதிரியின் அடி முடியுமுன்னே குறுக்கே புகும் முட்டியின் வழி என்பது அதன் பொருள். பிறகு அந்தப் பெயரே ஒரு கூண்டாகிவிடுமோ என்று அஞ்சி, 1970-இல் தம் பயிற்சிக்கூடங்களையே மூடிவிட்டார்!

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், இடைசெவல் பக்கத்துக் களத்துமேடுகளில் நான் கண்ட சிலம்பமும் இந்தக் குணம் கொண்டதுதான். எல்லாம் நம்மிடமே இருந்தது என்று மார்தட்டுவது என் நோக்கமன்று. நம்மிடம் இருப்பதை நாமே குறுக்கிக்கொண்டு வருகிறோம் என்பதே என் கவலை.

சிலம்பம் என்றால் கம்பு சுற்றுவது என்று பலரும் எண்ணுகிறோம். ஆனால் ஆசான் முதல் நாளில் கம்பைக் கையில் கொடுப்பதில்லை. காலடிதான் முதற்பாடம். முன்வைப்பு, பின்வாங்கல், பக்கம் மாறுதல், திரும்புதல் என்று கால் பழகிய பிறகே நெற்றி உயரக் கம்பு கைக்கு வரும். அதே காலடியில் இரட்டைக் கம்பு, மான்கொம்பு, சுருள்வாள் எல்லாம் நடக்கும். கையில் ஒன்றுமே இல்லையென்றால் அதே காலடி குத்துவரிசையாகிவிடும். ஆயுதம் பல, கால் ஒன்று. மண்ணுக்குத் தக்கபடி அந்தக் காலும் மாறும். காய்ந்த களத்தில் பாதத்தைத் தேய்த்து வைக்கலாம். மழை பெய்த கரிசலில் அப்படி வைத்தால் மண் அப்பிக்கொண்டு கால் கனத்துவிடும். தூக்கித்தான் வைக்க வேண்டும். வெடிப்பு விட்ட கோடைப் புஞ்சையில் வேறு கணக்கு.

ஒருமுறை எங்கள் பக்கத்து ஆசான் ஒருவரிடம், "அண்ணாச்சி, சண்டைக்கு நடுவுல கம்பு ஒடிஞ்சு போனா என்ன செய்ய?" என்று கேட்டேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. "ஒடிஞ்சா ரெண்டு கம்பாச்சுல்லா, தம்பி" என்றார். ஜீட் குன் டோவுக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த வளைந்துகொடுக்கும் குணத்தில் வரலாற்றுக்கும் பங்கு உண்டு என்று கருதுகிறேன். எங்கள் ஊருக்குத் தெற்கே கயத்தாற்றில் 1799-இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801-இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்தது; அதே ஆண்டு டிசம்பரில் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதற்குக் கும்பினியார் தடை விதித்தனர். வாளையும் வேலையும் பறிக்கலாம். ஆடு மேய்ப்பவன் கையிலுள்ள கம்பை யார் பறிப்பது?

இனி இன்றைய நிலைக்கு வருகிறேன். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. மகிழ்ச்சிதான். சான்றிதழால் ஒரு கரிசல்காட்டுப் பிள்ளைக்கு மேற்படிப்பிலோ வேலையிலோ வழி பிறக்குமானால் அதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் போட்டி என்று வந்ததும் ஒற்றைக் கம்பு வீச்சு, இரட்டைக் கம்பு வீச்சு, வாள்வீச்சு, கம்புச்சண்டை என்று தனித்தனி உருப்படிகளாகிவிட்டன. பரிசு எதில் கிடைக்குமோ அதை மட்டும் பிள்ளைகள் பழகுகிறார்கள். இரட்டைக் கம்பில் மின்னலாய்ச் சுற்றும் ஒருவன், எதிரே ஆள் வந்து நின்றால் திகைத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். காலடியைச் சொல்லித்தரப் பொறுமையில்லை. சுற்று மட்டும் வேகமாய் வருகிறது.

எல்லாவற்றையும் கலந்தால் ஒன்றும் உருப்படாது என்று சிலர் வாதிடுவார்கள். அதில் நியாயம் உண்டு. கராத்தேயில் ஒரு மாதம், குத்துச்சண்டையில் ஒரு மாதம் என்று அலைபவனுக்கு எதுவும் கைவராது. புரூஸ் லீகூட விங் சுன்னில் ஊறிய பிறகுதான் அதைத் தாண்டினார். காலடி என்ற அடித்தளம் இருக்கும்வரை சிலம்பத்தில் கலப்பு குழப்பமாகாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மண்ணுக்குத் தக்கபடி வளைந்த இந்தக் கலை, மனிதரிடம் மட்டும் வளையாமல் இருந்தது. வந்து நிற்பவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று பார்த்த பிறகே கம்பைக் கொடுத்த இடங்கள் நம் சீமையில் இருந்தன. பெண்பிள்ளைகளைக் களத்துப் பக்கமே விடவில்லை. இன்று பெண்கள் கம்பெடுத்து ஆடுவதற்குப் பள்ளி மைதானங்களும் போட்டிகளும்தான் வழி திறந்தன; அந்த அளவில் நான் போட்டிகளின் கட்சிதான்.

ஆகவே நம் கல்லூரி விளையாட்டு விழாவுக்கு ஒரு யோசனை. கம்புச்சண்டையின் நடுவே நடுவர் விசிலடித்ததும் இருவரும் கம்பைக் கீழே போட்டுவிட்டு வெறுங்கையோடு தொடர வேண்டும். அடுத்த விசிலுக்கு ஆளுக்கொரு குட்டைக் கம்பு. யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம், எந்தத் துறையானாலும் சரி. உடற்கல்வி ஆசிரியர் சம்மதித்தால் என் பெயரை முதலாவதாக எழுதிக்கொள்ளட்டும்.