ஒரு நாளைக்கு 180 பேர்

அயர்லாந்தின் தென்மேற்குக் கரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக் கடலில் செங்குத்தாக எழுந்து நிற்கும் பாறைத் தீவு ஸ்கெலிக் மைக்கேல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கிறிஸ்தவத் துறவு மடம் ஒன்று அதன் உச்சியை ஒட்டி இன்னும் நிற்கிறது. 1996 முதல் அது உலகப் பாரம்பரியச் சின்னம். கோடைப் பருவத்தில் மட்டும், நாளொன்றுக்கு 180 பேர்தான் அங்கே இறங்கலாம். ‘ஸ்டார் வார்ஸ்’ படப்பிடிப்பு நடந்த பிறகு தீவின் பெயர் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. பொதுச் சொத்தைப் பார்க்க இத்தனை கெடுபிடி ஏன் என்று ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்விதான்.

180 என்ற கணக்கு படகிலிருந்து வந்தது. 15 படகுகளுக்கு அனுமதி. படகுக்கு 12 பயணிகள். அப்படியென்றால் இன்னும் சில படகுகளை விடலாமே என்று தோன்றும். படிக்கட்டைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும்.

மடத்துக்கு ஏறும் 618 படிகளையும் துறவிகளே கட்டினார்கள். சாந்து கிடையாது. ஒவ்வொரு கல்லும் தன் எடையாலும் பின்னால் இறுகியிருக்கும் மண்ணாலும்தான் நிற்கிறது. எதிரே வருபவருக்கு வழிவிட ஒருவர் படியைவிட்டு ஓரத்துப் புல்லில் கால் வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நூறு பேர் அப்படிச் செய்தால் புல் தேய்ந்து மண் தெரியும். அடுத்த மழையில் அந்த மண் கரையும். பிடிமானம் போன கல் ஆடத் தொடங்கும். சிமென்ட் பூசிவிடலாம் என்றால், மழைநீர் வடிய வழியிருக்காது. கல்லிடுக்குகளில் கூடு கட்டும் ஸ்டார்ம் பெட்ரல் என்னும் சிறு கடற்பறவைகளுக்கும் இடமிருக்காது. வேறு இடங்களில் சின்னத்தைச் சுற்றி வேலி போட்டுவிட்டு, மக்களைத் தள்ளி நிறுத்திக் காட்டலாம். இங்கே சின்னத்தின் மீதே நடந்துதான் சின்னத்தைப் பார்க்க முடியும்.

உயிருக்கும் ஆபத்து உண்டு. 2009இல் இரண்டு பயணிகள் தவறி விழுந்து இறந்தார்கள். படிகளில் பெரும்பகுதிக்குக் கைப்பிடி இல்லை. அதைப் பொருத்தப் பாறையைத் துளைக்க வேண்டும். அதனால் வழிகாட்டிகள் பருவம் முழுக்கத் தீவிலேயே தங்கி, ஏறுவதற்கு முன் ஒவ்வொரு குழுவையும் நிறுத்தி எச்சரிக்கிறார்கள். கூட்டம் பெருகினால் அதற்கு நேரமே இருக்காது.

ஆகவே வரம்பு நீடிக்கட்டும். எனக்கு உறுத்துவது வேறு: அந்த 180 பேர் யார்? இறங்கும் பயணத்துக்கு நூறு யூரோவுக்கு மேல் ஆகிறது. இடங்களோ பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடுகின்றன. இறங்காமல் தீவைச் சுற்றிவரும் படகுகள் இருக்கின்றன என்பது பாதி ஆறுதல்தான். படகுக்காரர்களின் பிழைப்பு கெடாதபடி, இழப்பை அரசே ஈடுகட்டி, ஒவ்வொரு பருவத்திலும் சில நாள்களின் இருக்கைகளைப் பள்ளி மாணவர்களுக்கும் வசதி குறைந்தோருக்கும் குலுக்கல் முறையில் ஒதுக்கலாம். படிகளுக்கு இதனால் கூடுதலாக ஒரு காலடியும் விழாது.