கினிப்பன்றியின் வயிறு கேட்பது புல்லைத்தான்

கோடை விடுமுறையில் பிள்ளைகள் அடம்பிடிக்க, செல்லப்பிராணிக் கடையில் கினிப்பன்றி வாங்கி வரும் பழக்கம் நம் ஊர்களிலும் வந்துவிட்டது. கூண்டு, தண்ணீர்க் குப்பி, ஒரு பொட்டலம் தானியக் கலவை ஆகியவற்றைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். சில வாரங்களில் புழுக்கை இளகுகிறது. பின்பகுதி ஈரமாகி மயிர் ஒட்டிக்கொள்கிறது. கூண்டு நாறுகிறது. வீட்டார் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுகிறார்கள். பிறகு ஒருநாள் காலையில் அந்தச் சிறு உயிர் கூண்டின் மூலையில் விறைத்துக் கிடக்கிறது.

"எந்த சோப்பு நல்லது?" என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது, "என்ன தீனி போடுகிறீர்கள்?" என்பதைத்தான். பயிர் ஆராய்ச்சி செய்பவனுக்குக் கினிப்பன்றியோடு என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். இதில் பாதிக்கு மேல் தீவனப்பயிர் விஷயம்.

பெயரில் பன்றி இருந்தாலும் இது எலி, அணில் சேர்ந்த கொறிவிலங்கு இனம். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இறைச்சிக்காக வளர்க்கத் தொடங்கிய பிராணி. புல்லைத் தின்று வாழ்வதற்கென்றே அமைந்த உடல். வாயில் உள்ள 20 பற்களும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும்; நார் மிகுந்த புல்லை அரைத்து அரைத்துத்தான் அவை தேய வேண்டும். தேயாவிட்டால் கடைவாய்ப் பல் நீண்டு நாக்கை அழுத்தும், தின்ன முடியாமல் போகும். வயிற்றின் இடப்பக்கத்தில் பெரிய பெருங்குடல்வாய்ப் பை இருக்கிறது. மாட்டுக்கு அசையூண் வயிறு எப்படியோ, அப்படி இதற்கு அந்தப் பை. அங்குள்ள நுண்ணுயிர்கள் நாரை நொதிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. அந்தச் சத்தின் ஒரு பகுதியை மென்மையான புழுக்கையாக ஆசனவாயிலிருந்தே எடுத்துத் தின்னும். இதைக் கண்டு அருவருக்க வேண்டாம். அதன் செரிமானமே அப்படி.

இந்த நுண்ணுயிர்களுக்கு நார் குறைந்து மாவும் சர்க்கரையும் கூடினால் அவற்றின் சமநிலை குலைகிறது. தானியக் கலவை, பிஸ்கட், ரொட்டி, சோறு, இனிப்புப் பழம் எல்லாம் இந்த வகைதான். புழுக்கை இளகும், வாயு சேரும், வயிறு உப்பும். கினிப்பன்றியால் வாந்தி எடுக்கவும் முடியாது. ஆகவே அழுக்கான பின்பகுதி பெரும்பாலும் தீனிக் கோளாற்றின் அடையாளம். இளஞ்சூட்டு நீரில் அந்த இடத்தை மட்டும் கழுவித் துடைத்து உலர்த்துங்கள். ஈரமாக விட்டால் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும். அதே வேளையில் தீனியை மாற்றாவிட்டால் மறுநாளும் கழுவத்தான் வேண்டியிருக்கும்.

அப்படியானால் எதைக் கொடுப்பது? புல் அல்லது நன்கு உலர்த்திய புல், எந்நேரமும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அருகம்புல், கொழுக்கட்டைப்புல், கினிப்புல் மூன்றும் ஏற்றவை. கினிப்புல் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, கினிப்பன்றி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. பெயரில் மட்டுமே உறவு என்றாலும் தீனியாக நன்றாகப் பொருந்துகிறது. பூச்சிமருந்து அடித்த வயலின் வரப்புப் புல்லும், நாய்கள் திரியும் சாலையோரப் புல்லும் வேண்டாம். வெட்டிக் குவித்துச் சூடேறிய புல் வயிற்றில் வாயுவைக் கிளப்பும். வைக்கோல் படுக்கைக்கு ஆகும், முழுத் தீனிக்கு ஆகாது. குதிரைமசாலில் சுண்ணாம்புச் சத்து அதிகம். குட்டிக்கும் சினைப்பிராணிக்கும் சரி, வளர்ந்ததற்குத் தினமும் போட்டால் சிறுநீர்ப்பையில் கல் உண்டாகலாம். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு கூடவே கூடாது. தீனியை மாற்றுவதானால் ஒரே நாளில் மாற்றாமல், ஒரு வாரம் பத்து நாளில் சிறிது சிறிதாக மாற்றுங்கள்.

அடுத்தது வைட்டமின் சி. நம்மைப் போலவே கினிப்பன்றியாலும் இதை உடலில் தயாரித்துக்கொள்ள முடியாது. 1907-ல் நார்வே நாட்டு அறிஞர்கள் ஆக்செல் ஹோல்ஸ்ட்டும் தியோடர் ஃப்ரோலிக்கும் கினிப்பன்றிகளுக்குத் தானியம் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றுக்கு ஸ்கர்வி நோய் வந்தது. அன்று சோதனைக்கூடத்தில் நோயை உண்டாக்கிய அதே தீனியைத்தான் இன்று நாம் பொட்டலத்தில் வாங்கிப் போடுகிறோம். மூட்டு வீக்கம், நடக்கத் தயக்கம், கரடுமுரடான மயிர், வயிற்றுப்போக்கு ஆகியவை இக்குறையின் அறிகுறிகள். உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். விதைப்பகுதி நீக்கிய சிறு கொய்யாத் துண்டு அல்லது குடைமிளகாய்த் துண்டு, கூடவே ஒரு கைப்பிடி கொத்தமல்லித் தழை இதை ஈடுகட்டும். முருங்கைக்கீரையிலும் இச்சத்து உண்டு. ஆனால் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி என்பதால் வாரத்துக்கு ஓரிரு கொத்து போதும். கீரையை நன்றாகக் கழுவியே கொடுங்கள். சால்மோனெல்லா கிருமி இதை எளிதில் கொன்றுவிடும். முயல் தீவனத்தை நம்ப வேண்டாம். முயலுக்கு இந்த வைட்டமின் தேவைப்படுவதில்லை என்பதால் அதில் சேர்ப்பதும் இல்லை.

சுத்தம் என்பது பிராணியைக் குளிப்பாட்டுவதில் இல்லை, கூண்டில் இருக்கிறது. நனைந்த படுக்கையைத் தினமும் அள்ளுங்கள்; வாரம் ஒருமுறை முழுவதையும் மாற்றுங்கள். சிறுநீரின் வெண்படிவம் நீர் கலந்த வினிகருக்கு விட்டுக்கொடுக்கும். உமியும் மரத்தூளும் மூச்சில் ஏறும், தவிர்த்துவிடுங்கள். தண்ணீர்க் குப்பியின் முனையில் மென்ற தீனி அடைத்துக்கொள்ளும். தினமும் கழுவி, நீர் வருகிறதா என்று பாருங்கள். மொட்டைமாடியிலும் தகரக் கொட்டகையிலும் வைக்காதீர்கள். கோடை வெப்பம் தாங்காத பிராணி இது. பிராணியைத் தொட்ட பிள்ளைகள் கைகழுவ வேண்டும். படர்தாமரை இதனிடமிருந்து மனிதருக்குத் தொற்றும்.

வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை போட்டுக் குறித்துவையுங்கள். நோயை மறைத்து வாழும் பிராணி என்பதால் எடைதான் முதலில் உண்மை சொல்லும். அரைநாள் தின்னாமல் இருந்தாலோ, புழுக்கை நின்றாலோ, வயிறு உப்பிக் குறுகி உட்கார்ந்தாலோ, அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

ஒன்றை மட்டும் எந்த நிலையிலும் செய்யாதீர்கள். பிள்ளைக்கு வாங்கி மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் சிரப்பை வாயில் ஊற்றாதீர்கள். பெனிசிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின் வகைகள் குடலின் நல்ல நுண்ணுயிர்களை அழித்து, நச்சுக் கிருமியை ஓங்கச் செய்து, சில நாட்களில் உயிரை வாங்கிவிடும். 1940-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரி குழுவினர் பெனிசிலினைச் சுண்டெலிகளில் சோதித்தார்கள், எலிகள் பிழைத்தன. கினிப்பன்றிகளில் சோதித்திருந்தால் அந்த மருந்தையே அவர்கள் சந்தேகித்திருக்கக்கூடும்.

விற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிராணியோடு தானியப் பொட்டலத்துக்குப் பதில் ஒரு கட்டு உலர்புல் கொடுங்கள். தீவனப்பயிர் வளர்க்கும் விவசாயிகளுக்கும் இதில் இடம் உண்டு. பூக்கத் தொடங்கும் பருவத்தில் கினிப்புல்லை அறுத்து, இரண்டு மூன்று நாள் புரட்டிப் போட்டு உலர்த்துங்கள். ஈரம் 15 விழுக்காட்டுக்குக் கீழே போக வேண்டும். தண்டை முறுக்கினால் சாறு கசியக் கூடாது. பச்சை நிறமும் மணமும் மாறாமல், பூஞ்சணம் இல்லாமல் சிறு கட்டுகளாகக் கொடுத்தால் அருகிலுள்ள நகரத்தில் வாங்குவோர் இருப்பார்கள்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் கினிப்பன்றி ஐந்து ஆண்டுக்கு மேல் வாழும். ஒரு பிள்ளை தொடக்கப் பள்ளியை முடிக்கும்வரை கூடவே இருக்கும் துணை. வாங்கும் முன், அதற்குத் தினமும் புல் எங்கிருந்து வரும் என்பதை முடிவுசெய்துகொள்ளுங்கள். அதற்கு வழியில்லை என்றால் கூண்டை வாங்காமல் திரும்பிவிடுவதே அந்த உயிருக்குச் செய்யும் நன்மை.