அறுபடை வீடு யாத்திரை போறவங்க பேக் வாங்குறதுக்கு முன்னாடி படிங்க

அறுபடை வீடு, அப்படியே ராமேஸ்வரம், காசின்னு ஒரு மாசத்துக்கு மேல கிளம்புறவங்க ஜொகூர்ல நிறைய பேர் இருக்கீங்க. என் கருத்து, உருட்டுப் பெட்டி வேண்டாம். முதுகுல மாட்டுற பேக்தான் சரி. ஆனா பெருசா வாங்காதீங்க.

போன தடவை நான் 65 லிட்டர் பேக் வாங்கினேன். இடம் இருக்கேன்னு வீட்டம்மா மைலோ, பிஸ்கட், போர்வைன்னு திணிச்சாங்க. திருத்தணியில 365 படி. பையை எங்கேயும் வைக்க மனசு வராம சுமந்துகிட்டே ஏறி, பாதியில உட்கார்ந்துட்டேன். கூட வந்த தம்பி ஒருத்தர் தன் சுமையோட என் சுமையையும் தூக்கினார். வெட்கமா போச்சு. தொழிற்சாலையில பையன்களுக்கு தூக்குற முறை சொல்லிக் கொடுக்கிறவன் நான்!

40 லிட்டர் தாராளம். வேட்டி ராத்திரி துவைச்சா காலையில காஞ்சிடும். இடுப்பு பெல்ட் கண்டிப்பா இருக்கணும், கனம் தோள்ல இல்லாம இடுப்பு எலும்புல உட்காரணும். பெட்டி மாதிரி முழுசா திறக்கிற ஜிப் நல்லது, இல்லாட்டி ஒரு துண்டு எடுக்க எல்லாத்தையும் கொட்டணும். கடையில காலி பையை மாட்டிப் பார்த்து ஏமாறாதீங்க. 5 கிலோ அரிசி மூட்டையை உள்ள வச்சு பத்து நிமிஷம் நடங்க. கடைக்காரர் முறைச்சா முறைக்கட்டும்.

ஏர் ஏசியாவில கையில கொண்டு போற ரெண்டு பையும் சேர்த்து 7 கிலோதான், ஞாபகம் இருக்கட்டும். திரும்பும்போது விபூதி, பஞ்சாமிர்தத்துக்கும் இடம் வேணுமே.

வாங்கினவங்க வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் கொண்டு வாங்க, பெல்ட்டை சரி பண்ணித் தர்றேன்.